முன்னங்கையில் ஒட்டிய டேப்

அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது முகம் அல்ல, இடது முன்னங்கை. கடலுக்குப் போகிற நாளில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெள்ளை டேப்பைத் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டு வந்து இறங்குவார். ஒவ்வொரு துண்டிலும் கறுப்பு மார்க்கரில் எண்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்த பரம்பரையாம், கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். இவ்வளவு அழகாக எழுதியது தப்பாக இருக்க முடியாது என்று அந்த மனிதர் மனமார நம்பினார். நான் எழுத வந்தது அந்த நம்பிக்கையைப் பற்றித்தான். பெயர் போட மாட்டேன். போட்டால் அதையும் ஒரு பாராட்டாக எடுத்துக்கொள்வார்.

ஆழ்கடலில் இறங்கச் சொல்லித் தருவது அவர் வேலை. சுற்றுலாக்காரர்கள் மீன் பார்க்க இறங்குகிற ஆழமல்ல, அறுபது மீட்டருக்கும் கீழே. அங்கே போய்ச் சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் நைட்ரஜன் தலைக்கேறிப் போதையாகிவிடும். அதனால் சிலிண்டரில் ஹீலியம் கலப்பார்கள். ஆக்சிஜனையும் அளவாகத்தான் வைக்க வேண்டும். நிலத்தில் உயிர் கொடுக்கிற ஆக்சிஜன் ஆழத்தில் விஷம், வலிப்பு வரும். தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் வாயில் கடித்திருக்கும் குழாய் நழுவும், அதோடு கதை முடிந்தது. மேலே வரும்போதும் அவசரப்பட முடியாது. நின்று நின்று, ஒவ்வொரு ஆழத்துக்கும் அதற்கென்று கொண்டுபோன சிலிண்டருக்கு மாறி மாறித்தான் வர வேண்டும். எந்தச் சிலிண்டரை எந்த ஆழத்தில் வாயில் வைக்கலாம் என்று சொல்வது அதன் மேல் ஒட்டியிருக்கும் அந்த டேப் துண்டு ஒன்றுதான்.

ஆகவே சட்டம் ஒன்று உண்டு. யார் சுவாசிக்கப் போகிறாரோ அவரே ஆக்சிஜன் அளக்கும் மீட்டர் வைத்துத் தன் சிலிண்டரைப் பார்க்க வேண்டும், அவரே எழுத வேண்டும், அவரே ஒட்ட வேண்டும். இதை எங்களுக்கு வெள்ளைப் பலகையில் எழுதி அடிக்கோடிட்டுச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அடிக்கோடு இரண்டு போட்டார். ஊருக்கு உபதேசம் என்பது இதுதான்.

நான் பினாங்கில், பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கிற பிரிவில் இருக்கிறேன். ஒரு கருவி சொல்வதை இன்னொரு கருவியிடம் கேட்காமல் நம்பக் கூடாது என்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. இந்தக் கடல் பைத்தியம் பிடித்தது எனக்கல்ல, என் கணவர் குணாவுக்கு. கல்யாணமாகி மூன்றாவது வருடம் ஒருநாள் வந்து, "கலா, ஆழத்துல ஒரு பழைய கப்பல் கெடக்குதாம்" என்றார். அவரைத் தனியே விட மனமில்லாமல் நானும் சேர்ந்தேன். போகப் போக எனக்கும் பிடித்துப்போனது, அதை மறைப்பானேன்.

வகுப்பு டத்தோ கிராமாட்டில் அந்த மனிதர் வீட்டு மாடியில் நடக்கும். நாங்கள் நான்கு பேர்: நான், குணா, ஒரு பல் டாக்டர், ஒரு ஓட்டல் சமையல்காரர். மற்ற மூவரும் அவரை மாஸ்டர் என்பார்கள். நான் அண்ணே என்பேன். அண்ணே என்றால் அவர் முகம் கொஞ்சம் சுருங்கும், அதனாலேயே விடாமல் சொன்னேன். "கடல் மன்னிச்சாலும் கணக்கு மன்னிக்காது" என்பது அவர் சொந்தச் சரக்கு. வகுப்புக்கு இரண்டு முறையாவது வரும், இரண்டாவது முறை கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஒருநாள் விளையாட்டாக ஹீலியம் கலந்த காற்றை ஒரு வாய் இழுத்துவிட்டு அதே வாசகத்தை வாத்துக் குரலில் சொன்னார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த வாசகம் அதற்குரிய குரலில் வந்தது அன்று மட்டும்தான் என்று எனக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களை அடுக்குமாடி வீடுகளின் கார் நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப்போவார். அங்கே தரையிலேயே முக்குளிக்க வேண்டும். ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடப்போம். முதல் தூண் அறுபது மீட்டர், அடுத்த தூண் முப்பத்தாறு, அதற்கடுத்தது இருபத்தொன்று. ஒவ்வொரு தூணிலும் நின்று, பேசாமல், கையால் சைகை காட்டி, இடுப்பில் தொங்கும் காலிச் சிலிண்டரை மாற்றுகிற மாதிரி மாற்றி, நிமிடம் எண்ண வேண்டும். அரை நிமிடம் பிசகினால் மறுபடி முதல் தூண். பாசாரிலிருந்து கீரைக்கட்டோடு வந்த ஆண்ட்டி ஒருத்தி நின்று பார்த்துவிட்டு, "என்னம்மா, தைப்பூசத்துக்கு இப்பவே ஒத்திகையா?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. தண்ணீருக்குள் யாராவது சிரிப்பார்களா என்று எனக்காக எல்லோரையும் மறுபடி முதல் தூணுக்கு அனுப்பினார்.

இத்தனை கறார் பேர்வழி தன்னை மட்டும் யாரும் சரிபார்க்க விடமாட்டார். இறங்கும் முன் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்வது வழக்கம்: என்ன வாயு, எவ்வளவு இருக்கிறது, எந்த ஆழம் வரை. எங்கள் நால்வரையும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி ஒப்பிக்க வைப்பார். அவர் முறை வரும்போது, "என்னுது எனக்குத் தெரியும் லா" என்று கையை வீசிவிடுவார். ரொட்டிக் கடையிலும் அப்படித்தான். கடைக்காரர் என்னென்ன என்று திருப்பிச் சொல்ல ஆரம்பித்தாலே முகம் கடுத்துவிடும். தான் சொன்னதைத் திருப்பிச் சொல்வதே தன்னை நம்பாததன் அடையாளம் என்று எடுத்துக்கொள்வார். ஒருமுறை கேட்டதற்குப் பதில் வேறு ஏதோ வந்தது. அதைத்தான் கேட்டேன் என்று சாப்பிட்டு முடித்தார். மத்தி மீன் ரொட்டி அவருக்கு ஆகவே ஆகாது.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீருக்குள் அவர் வேறு ஆள். ஒருமுறை நாற்பது மீட்டரில் என் முகமூடிக்குள் தண்ணீர் ஏறி, ஒன்றும் தெரியாமல், மூச்சு தாறுமாறாகி, மேலே ஓடிவிடலாம் என்றிருந்தது. ஓடியிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். என் முழங்கையில் இரண்டு விரல் பட்டது. பிடிக்கவில்லை, இழுக்கவில்லை, சும்மா வைத்திருந்தார். நான் முகமூடியைச் சரிசெய்து கண் திறக்கும் வரை அந்த இரண்டு விரலும் அசையவில்லை. மேலே வந்தபின் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அந்த விரல்களுக்காகத்தான் பின்னால் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது என்று நினைக்கிறேன். வெறும் டம்பாச்சாரி என்று ஒதுக்கிவிட்டுப் போக முடியவில்லை.

கடைசிப் பரீட்சைக்குப் பாலிக் புலாவ் பக்கம் ஒரு மீன்பிடிக் கம்பத்திலிருந்து, சின்னக் கிராமம் அது, படகு. ஆறு பேர் போகிற காடியில் அவர் ஓட்ட, நாங்கள் நால்வரும் பின்னால் சிலிண்டர்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். மலைப்பாதை இறங்கியதும் வழி தவறிவிட்டார். குணா கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்தார். "எத்தன வருஷமா வர்றேன், எனக்கே வழியா?" என்று மாஸ்டர் அதை அணைக்கச் சொன்னார். அதே டுரியான் கடையை மூன்று தடவை கடந்தோம். மூன்றாம் தடவை கடைக்காரர் சாலையோரத்துக்கே வந்து, ஏதாவது தொலைத்துவிட்டீர்களா என்று மலாயில் கேட்டார். எங்கள் மாஸ்டர் காடியை ஓரங்கட்டினார். இறங்கினார். "இந்தக் கடையத்தான் தேடிக்கிட்டு வந்தேன்" என்று ஒரு டுரியானை முகர்ந்து வாங்கிக்கொண்டு வந்து ஏறினார். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை. அந்த டுரியான் நாற்றத்தோடு மிச்ச வழி போனோம், வழியைச் சொன்னவர் அந்தக் கடைக்காரர்தான்.

படகுத்துறைக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம் தாமதம். நீரோட்டம் திரும்புவதற்குள் இறங்க வேண்டும். படகுக்காரர் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார். நாங்கள் அவரவர் மீட்டரை எடுக்கப் போனோம். மாஸ்டர் முன்னங்கையை நீட்டினார்.

"எல்லாம் நேத்தே நான் நெரப்பி, நான் பாத்துட்டேன் லா. நேரமில்ல. ஒட்டு, ஏத்து."

மணிக்கட்டுப் பக்கமிருந்து ஒவ்வொன்றாகப் பிய்த்துச் சிலிண்டர்களில் ஒட்டிக்கொண்டே போனார். டேப்போடு கையில் இருந்த மயிரும் வந்தது. பல் டாக்டர் தன் மீட்டரை உறையிலேயே வைத்துவிட்டார். சமையல்காரரும் அப்படியே. குணா தன் சிலிண்டர்களைத் தூக்கிப் படகில் வைக்கக் குனிந்தார்.

நான் பெரிய புத்திசாலி என்று இதைச் சொல்லவில்லை. வேலைப் பழக்கம். யாராவது "நான் பார்த்துவிட்டேன்" என்று சொன்னால் எனக்குக் கை தானாக மீட்டருக்குப் போகும். முதலில் பார்த்தது குணாவுடைய சிறிய சிலிண்டர்கள் இரண்டையும். ஒன்று, மேலே வரும்போது முப்பத்தாறு மீட்டரில் வாயில் வைக்க வேண்டியது, ஆக்சிஜன் முப்பத்தைந்து விழுக்காடு. மற்றது இருபத்தொன்றில், ஐம்பது விழுக்காடு. இரண்டும் ஒரே உயரம், ஒரே நிறம். முப்பத்தைந்து என்று ஒட்டியிருந்ததைத் திறந்து மீட்டரில் விட்டேன். எண் ஏறியது. நாற்பதைத் தாண்டி, ஐம்பதில் போய் நின்றது.

"அண்ணே, முப்பத்தஞ்சுன்னு ஒட்டியிருக்கீங்க. அம்பது காட்டுது."

"ஒன் மீட்டர் பழசு லா தங்கச்சி."

மீட்டரை வெளிக்காற்றில் பிடித்தேன். இருபது புள்ளி ஒன்பது, எங்கே பிடித்தாலும் காற்று அவ்வளவுதான். அடுத்த சிலிண்டரைத் திறந்தேன். ஐம்பது என்று ஒட்டியதில் முப்பத்தைந்து.

"மீட்டர் சரியாத்தான் இருக்கு. நீங்க மாத்தி ஒட்டிட்டீங்க."

குணா முப்பத்தாறு மீட்டரில் அந்தக் குழாயை வாயில் வைத்திருந்தால் சில நிமிடங்களில் உடம்பு வெட்டி இழுத்திருக்கும். நான் பக்கத்திலேயே மிதந்துகொண்டு அதைப் பார்த்திருப்பேன். மாஸ்டர் சிலிண்டரைப் பார்த்தார். பிறகு தன் முன்னங்கையைப் பார்த்தார், டேப் இருந்த இடமெல்லாம் சிவந்து கிடந்தது. இரண்டு மூச்சு நேரம் இருக்கும், அந்த முகத்தில் ஒரு பயந்த மனிதரை நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை வந்துவிடும் என்று காத்திருந்தேன்.

அவர் கைதட்டினார்.

"பாத்தீங்களா எல்லாரும்? இதுக்குத்தான் இவ்ளோ நேரம் காத்திருந்தேன். நாலு பேர்ல ஒருத்தர்தான் பாஸ். கணக்கு மன்னிக்காதுன்னு எத்தன வாட்டி சொல்லியிருக்கேன்?"

பல் டாக்டர் வெட்கத்தோடு தலையில் அடித்துக்கொண்டு கைதட்டினார். சமையல்காரர் தட்டினார். குணாவும் தட்டினார். செத்திருக்க வேண்டிய ஆள், சிரித்துக்கொண்டே தட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மூன்று பேரையும் கடலில் தள்ளியிருப்பேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன், இவர் பரிமாறியே விட்டார். ஆனால் புது டேப் எழுத அவர் மார்க்கரை எடுத்தபோது பார்த்தேன். அச்சடித்த கையெழுத்து அன்று ஆடியது. முப்பத்தைந்தின் ஐந்து கோணிக்கொண்டு போனது. அவர் பிய்த்துப் போட்ட தப்பான டேப்பை எடுத்து என் மீட்டர் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவைத்தேன்.

நான் இறங்கவில்லை. எல்லோருடைய சிலிண்டரையும் பார்த்து முடித்த பிறகே குணாவை விட்டேன். மாஸ்டர் சிலிண்டரைப் பார்க்க மட்டும் அவர் விடவில்லை. படகில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்த தெய்வம் ஒன்றையும் விடவில்லை. தெய்வங்களுக்கு நடுவே அவரைத் திட்டவும் தவறவில்லை. குணாவின் தலை தண்ணீரில் தெரிந்ததும் அழுதேன், பிறகு வீடு வரை அவரோடு பேசவில்லை.

வீட்டில் சண்டை. "மாஸ்டர் டெஸ்ட் வெச்சாரு, நீ பாஸ் ஆயிட்ட. சந்தோசப்படேன் கலா" என்றார் குணா. டெஸ்ட் வைக்கிறவன் எதற்கு நடுங்குகிறான் என்று கேட்டேன். குளிர் என்றார். பினாங்கில், மதிய வெயிலில். அந்த வருடம் தீபாவளிக்கு மாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். குணா உள்ளே தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து நேராகவே கேட்டேன்.

"அண்ணே, தப்புன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. போதும். இனிமே அதப்பத்தி பேசவே மாட்டேன்."

அவர் தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். "நல்லாருக்கே. வீட்ல சுட்டதா?" என்றார்.

அதன்பின் நான் அந்தப் பக்கமே போகவில்லை. குணா போய்க்கொண்டிருந்தார். மூன்று நான்கு வருடம் கழித்து, கடலுக்குப் போகாமல் இருக்க என்னால்தான் முடியவில்லை. பழைய மீட்டரோடு மறுபடி அதே கம்பத்துப் படகுத்துறைக்குப் போனேன். பைராம் தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற ஒரு பெண் அன்று தண்ணீருக்குள் எனக்கு ஜோடி. மாஸ்டருடைய புது மாணவி. என் சிலிண்டரை நான் பார்த்து, எழுதி, ஒட்டிய பிறகு, அவள் தன் மீட்டரை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"நான் பாத்துட்டேன்மா" என்றேன். என் வாயிலேயே அது வந்தது.

"நீங்க பாத்தது உங்களுக்குக்கா. நான் பாக்கணும்ல" என்று திறந்தாள். "கோவிச்சிக்காதீங்க. மாஸ்டர் ஒவ்வொரு பேட்ச்லயும் ஒரு டேப்ப வேணும்னே தப்பா ஒட்டுவாரு. எப்ப, யாருக்குன்னு சொல்லமாட்டாரு. கண்டுபுடிக்காட்டி கடலுக்கே விடமாட்டாரு. அதுல எங்களுக்குப் பழகிப்போச்சு."

எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அன்று சொன்ன ஒரு பொய்யை உண்மையாக்க, ஒவ்வொரு பேட்சுக்கும் அந்த மனிதர் அதைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறார்! தப்பு என்று சொல்லியிருந்தால் ஒரு நொடி. அதற்குப் பதிலாக இத்தனை வருட உழைப்பு. இப்படி ஒரு வறட்டுப் பிடிவாதத்தை நான் எங்கும் கண்டதில்லை. ஆனால் சுற்றிப் பார்த்தேன். படகுத்துறையில் இருந்த அவர் பிள்ளைகள் ஒருவர் விடாமல் மீட்டரும் கையுமாக இருந்தார்கள். தங்களுடையதைப் பார்த்து, அடுத்தவருடையதையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர்களில் யாருடைய பெண்டாட்டியும் படகில் உட்கார்ந்து தெய்வங்களை எண்ண வேண்டியிருக்காது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு வயிறு எரிந்தது, ஒப்புக்கொண்டேன்.

அவர் பிறகுதான் வந்தார். தலை நரைத்திருந்தது. முன்னங்கையில் ஒரே ஒரு டேப். என்னைப் பார்த்தார். எல்லோரும் படகில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த நேரத்தில் தன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தார்.

"மீட்டர் இருக்குதா?"

பெட்டியைத் திறந்தேன். மூடிக்குள் அந்தப் பழைய டேப் பழுப்பேறி ஒட்டியிருந்தது. முப்பத்தைந்து, அச்சடித்தது போன்ற கையெழுத்து. அவர் கண் அதில் போய் நின்றது.

"இன்னும் வெச்சிருக்கியா?"

"ஆமா."

அவர் குனிந்து சிலிண்டரைத் திறந்தார். நான் மீட்டரைப் பிடித்தேன். எண்ணைப் படித்தேன். முன்னங்கையிலிருந்து அந்த டேப்பைப் பிய்த்து என்னிடம் நீட்டினார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மார்க்கரையும் கொடுத்தார்.

"நீயே எழுது."

எழுதினேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். அவர் வாங்கி, வெயிலில் பிடித்து, ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதாவது வரும் என்று நினைத்தேன்.

"ம். பாஸ்" என்று சொல்லிவிட்டு, சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு படகுக்கு நடந்தார்.

அதற்கடுத்த வருடம் முழங்கால் வலி என்று கடலை விட்டுவிட்டு, மகளோடு ஜொகூருக்குப் போய்விட்டார். பெட்டி மூடியில் இருக்கும் அந்தப் பழைய டேப்பைப் பிய்த்துப் போடேன் என்று குணா அவ்வப்போது சொல்வார், அவருக்கு அதைப் பார்த்தால் இப்போது கொஞ்சம் பயமாக இருக்கிறதாம். பிய்க்க மாட்டேன். தப்பு என்ற அந்த ஒரு வார்த்தையை மாஸ்டர் சொல்லட்டும், அன்றைக்கே பிய்த்துவிடுகிறேன். என் நம்பர் அவரிடம் இருக்கிறது.